குறை இருப்பது தெரிந்தும் கார் கம்பெனிகள் வண்டியை விற்பனைக்கு விடுமா?

விடும், விட்டிருக்கிறார்கள். ஆனால் நாலு வில்லன்கள் ரூம் போட்டு யோசித்துச் செய்வதில்லை. நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டியில் இருந்தவன். அங்கே இதற்கு டீவியேஷன் என்று பெயர். பாகத்தின் அளவு வரைபடத்தில் கேட்டதிலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும், லாரி வாசலில் நிற்கும், சரக்கு போகாவிட்டால் கார் கம்பெனியில் லைன் நின்றுவிடும், அதனால் "இந்த லாட்டுக்கு மட்டும்" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவோம். நானும் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அதனாலேயே பழகிப்போகும்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் செய்தது இதன் பெரிய வடிவம். செவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் கார்களின் இக்னிஷன் சுவிட்ச் (சாவி போட்டுத் திருப்பி வண்டியைக் கிளப்பும் சுவிட்ச்), சாவி திரும்பத் தேவையான விசை வரைபடத்தில் கேட்டதைவிடக் குறைவு என்று தெரிந்தே 2002இல் பாஸ் ஆனது. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ முழங்கால் இடித்தாலோ ஓடும்போதே சாவி திரும்பி இன்ஜின் அணைந்துவிடும், கூடவே பவர் ஸ்டியரிங் போய்விடும், மோதினால் ஏர்பேக்கும் விரியாது. உள்ளே இதை "வாடிக்கையாளர் வசதி" சம்பந்தப்பட்ட புகார் என்று வகைப்படுத்தினார்கள், பாதுகாப்புப் புகார் என்று அல்ல. அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் போயிற்று. வசதிப் புகாருக்குச் செலவுக் கணக்கு பார்க்கலாம் இல்லையா, 2005இல் அப்படித்தான் பார்த்துக் கோப்பை மூடினார்கள்.

எனக்கு இதைவிட ஆத்திரம் வந்தது 2006இல் நடந்ததைப் படித்தபோதுதான். சுவிட்சைச் சரிசெய்தார்கள், ஆனால் பார்ட் நம்பரை மாற்றவில்லை! எங்கள் லைனில் டிரெய்னி பையன்கூட அப்படிச் செய்தால் திட்டு வாங்குவான். பழசும் புதுசும் ஒரே எண்ணில் இருந்ததால், பிந்தைய வண்டிகளில் மட்டும் ஏன் பிரச்சினை இல்லை என்று அவர்களுடைய ஆட்களே பல வருடம் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஜார்ஜியாவில் ஒரு விபத்து வழக்குக்காக வழக்கறிஞர் தரப்புப் பொறியாளர் இரண்டு சுவிட்சுகளைப் பிரித்துப் பார்த்துத்தான் 2013இல் குட்டு வெளிப்பட்டது.

2014இல் இந்த சுவிட்சுக்காக சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 124 சாவுகளுக்கு இழப்பீட்டு நிதியிலிருந்து பணம் போனது. 15 பேருக்கு வேலை போயிற்று, கம்பெனி 90 கோடி டாலர் கட்டியது, சிறைக்கு ஒருவரும் போகவில்லை.