சிக்னல் மங்கினால் பவரைக் கூட்டலாமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: சேனல் (சிக்னல் போகும் ரேடியோ பாதை) மோசமானால் பவரைக் கூட்ட வேண்டும், நன்றாக இருந்தால் குறைக்க வேண்டும். இதுதானே நியாயம்? சேனல் நன்றாக இருக்கும்போது அதிக பவர் கொடுக்கச் சொல்லும் வாட்டர்ஃபில்லிங் முறை ஏன் தலைகீழாகச் சொல்கிறது?

பதில்: சராசரி பவருக்கு மட்டும்தான் வரம்பு, தாமதமானாலும் பரவாயில்லை என்றால், நல்ல நேரத்தில்தான் அதிகம் செலவிட வேண்டும். கணக்கே போட்டுவிடலாம். சேனலுக்கு இரண்டே நிலை, ஆளுக்குப் பாதி நேரம். 1 யூனிட் பவர் கொடுத்தால் நல்ல நிலையில் எஸ்.என்.ஆர். (இரைச்சலைப் போல் சிக்னல் எத்தனை மடங்கு என்ற விகிதம்) 4, கெட்ட நிலையில் 0.25. சராசரி பவர் 1 யூனிட்டைத் தாண்டக் கூடாது.

எப்போதும் ஒரே பவரில் அனுப்பினால், ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 1.32 பிட் போகும். கெட்ட நேரத்தில் பவரைக் கூட்டி, ரிசீவரில் எஸ்.என்.ஆர். மாறாமல் பார்த்துக்கொண்டால் 0.56 பிட்தான். கெட்ட நேரத்தில் எதுவுமே அனுப்பாமல் நல்ல நேரத்தில் 2 யூனிட் கொடுத்தால் 1.58 பிட். மூன்றுக்கும் செலவு ஒன்றுதான்! கெட்ட நிலையைச் சரிக்கட்ட 16 மடங்கு பவர் தேவைப்படுவதால், பட்ஜெட்டில் 94 சதவீதம் அங்கேயே கரைந்துவிடுகிறது.

ரேலி ஃபேடிங்கில் (நேர்ப்பாதை இல்லாமல், பல வழிகளில் எதிரொலித்து வரும் அலைகள் சேர்ந்து சிக்னல் ஏறி இறங்குவது) இன்னும் மோசம். அங்கே முழுமையாகச் சரிக்கட்ட வேண்டுமென்றால் சராசரி பவர் முடிவிலிக்குப் போய்விடும். வரம்புக்குள் நின்றால் இந்த முறையில் கெபாசிட்டி, அதாவது பிழையில்லாமல் அனுப்பக்கூடிய அதிகபட்ச வேகம், பூஜ்யம். ஆய்வாளர்கள் கோல்ட்ஸ்மித்தும் வரையாவும் 1997-ல் எழுதிய கட்டுரையில் இதெல்லாம் தெளிவாக இருக்கிறது. மாணவர்கள் அதை மூலத்திலேயே படிப்பது நல்லது.

கேள்வி: சிமுலேஷனில் வாட்டர்ஃபில்லிங் போட்டும் பெரிய லாபம் தெரியவில்லை. கோடில் தப்பா?

பதில்: கோடில் தப்பு இருக்க வேண்டியதில்லை. எந்த எஸ்.என்.ஆரில் ஓட்டினீர்கள் என்று பாருங்கள். மேலே சொன்ன கணக்கில் சராசரி பவரை 10 யூனிட் ஆக்கினால், நல்ல நிலைக்கு 11.875, கெட்ட நிலைக்கு 8.125 என்று பிரியும். கெபாசிட்டி 3.60 பிட், ஒரே பவரில் அனுப்பினாலே 3.58 கிடைத்துவிடும். மேடு பள்ளமான தொட்டியில் தண்ணீர் நிறைய ஊற்றினால் அடியில் உள்ள மேடு பொருட்டில்லை அல்லவா, அதேதான். பவர் பற்றாக்குறையான இடத்தில்தான் இந்த முறைக்கு மதிப்பு.

கேள்வி: அப்படியென்றால் டபிள்யூசிடிஎம்ஏவில் (3ஜி போன் முறை) நொடிக்கு 1500 முறை பவரைக் கூட்டிக் குறைத்தது வீண் வேலையா?

பதில்: வீண் இல்லை, அங்கே தேவை வேறு. பேச்சு 20 மில்லிசெகண்ட் துண்டுகளாகப் போகிறது. நல்ல நேரம் வரட்டும் என்று அது காத்திருக்க முடியாது. அங்கே சராசரி வேகத்தை விட, துண்டு தவறிப்போகாமல் இருப்பதுதான் முக்கியம். அப்புறம், டவருக்குப் பக்கத்தில் இருக்கும் போன் தூரத்து போனை அமுக்கிவிடாமலும் பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் சரிக்கட்டுவதே சரி, ஆனால் ஓர் எல்லையோடு. சேனல் படுமோசமானால் விட்டுவிட வேண்டும். அவுட்டேஜை, அதாவது துண்டு தவறிப்போகும் வாய்ப்பை, குறைப்பதற்கான உகந்த முறையும் அதுதான்.

கேள்வி: உச்ச பவருக்கும் வரம்பு இருந்தால்?

பதில்: சாதாரண எல்டிஇ (4ஜி) போனுக்கு உச்சம் 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட். அந்த வரம்பு மட்டும் இருந்து, ஒருவர் மட்டுமே பயன்படுத்தினால் எப்போதும் உச்சத்தில் அனுப்புவதே கெபாசிட்டி தரும். சராசரி வரம்பும் சேர்ந்தால், வாட்டர்ஃபில்லிங்கை உச்சத்தில் வெட்டி, மிஞ்சியதை மற்ற நிலைகளுக்குப் பகிருங்கள்.

கேள்வி: சேனல் நிலை ரிசீவருக்கு மட்டுமே தெரிந்தால்?

பதில்: ஒரே பவர்தான். ரேலி ஃபேடிங்கில், உயர் எஸ்.என்.ஆரில், மங்காத சேனலோடு ஒப்பிட்டால் இழப்பு 0.83 பிட், ஏறக்குறைய 2.5 டெசிபல். பயப்படும் அளவுக்கு இல்லை.

கேள்வி: ஒரே டவரில் பலர் இருந்தால் பவரை எப்படிப் பங்கிடுவது?

பதில்: மொத்த வேகம் மட்டுமே குறி என்றால், அந்த நொடியில் யாருடைய சேனல் சிறந்ததோ அவருக்கே முழுவதும். ஆய்வாளர்கள் நாப்பும் ஹம்ப்ளட்டும் 1995-ல் காட்டியது இது. ஆட்கள் கூடக் கூட யாராவது ஒருவர் உச்சத்தில் இருப்பார் என்பதால், ஃபேடிங் இங்கே உதவியாகவே மாறுகிறது. ஆனால் செல்லின் (டவர் எட்டும் பரப்பின்) ஓரத்தில் இருப்பவர் பட்டினி கிடப்பார். அதனால் நடைமுறையில் ஒவ்வொருவரின் இப்போதைய வேகத்தையும் அவரவர் சராசரியோடு ஒப்பிட்டு, அந்த விகிதம் யாருக்கு அதிகமோ அவருக்கு வாய்ப்புக் கொடுக்கிறார்கள்.