விவசாயக் கழிவிலிருந்து பாக்டீரியா எப்படி மக்கும் பிளாஸ்டிக் தயாரிக்கிறது?

வைக்கோலையும் கரும்புச்சக்கையையும் இந்த பாக்டீரியா அப்படியே தின்னாது. முதலில் நீர்த்த அமிலம், நொதி கொண்டு அவற்றைச் சர்க்கரைக் கரைசலாக உடைக்க வேண்டும். அப்புறம்தான் சுவாரசியமே. சர்க்கரையைத் தாராளமாகக் கொடுத்து, நைட்ரஜனை மட்டும் குறைத்துவிடுவார்கள். பாக்டீரியாவால் பெருக முடியாது. மிஞ்சிய கார்பனை, நம் உடல் கொழுப்பைச் சேர்ப்பதுபோல, பிஎச்பி (பாலிஹைட்ராக்ஸிபியூட்டிரேட்) என்ற பாலியெஸ்டராகச் சேமித்துக்கொள்ளும். இதுதான் அந்த மக்கும் பிளாஸ்டிக். குப்ரியாவிடஸ் நெகேட்டர் என்ற இனத்தில் உலர் எடையில் 80 சதவீதம்வரைகூடச் சேரும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் செல் முழுக்க வெள்ளை உருண்டைகள்! பாக்டீரியாவுக்குள் பிஎச்பி இருப்பதை 1926-லேயே பிரெஞ்சு அறிவியலாளர் மோரிஸ் லெமுவான் கண்டறிந்துவிட்டார்.

செலவு எகிறுவதில் செல்லை உடைத்து பிஎச்பியைப் பிரித்தெடுப்பதற்கும் பெரும் பங்கு உண்டு. அதற்குக் குளோரோஃபார்ம் என்ற நச்சுக் கரைப்பானைப் பயன்படுத்தினால் மாசைக் குறைக்கும் நோக்கமே அடிபடும் என்பது என் கருத்து. பிஎச்பி மண்ணில் மக்கும், ஆனால் எளிதில் நொறுங்கும். அதன் சங்கிலியில் வேலரேட் என்ற வேறு மூலக்கூறு அலகுகளும் சேர்ந்த பிஎச்பிவி வகை சற்று வளைந்துகொடுக்கும்.