ஆங்கில ஆய்வுக் கட்டுரையில் எந்தப் பெயர்ச்சொல்லுக்கு ‘எஸ்’ சேர்க்கலாம், எதற்குக் கூடாது? பட்டியலை மனப்பாடம் செய்யாமல் கற்க வழி உண்டா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைக் கைடிடம் கொடுத்தீர்கள். ‘ரிசர்ச்சஸ்’, ‘எவிடென்ஸஸ்’, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘எக்விப்மென்ட்ஸ்’ எல்லாவற்றையும் வட்டமிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். எண்ண முடியாத பெயர்ச்சொற்களின் பட்டியல் ஒன்றை எடுத்து மனப்பாடம் செய்து பார்த்தீர்கள், ஆனாலும் பிழை குறையவில்லை.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு மொழித் திருத்தம் செய்வது என் வேலை. நான் பார்த்தவரை, பட்டியல் ஓரளவுக்குத்தான் உதவும். அதில் சொல் மட்டும்தான் இருக்கும். நீங்கள் எழுதும் வாக்கியத்தில் அந்தச் சொல் எந்தப் பொருளில் வருகிறது என்பது அதில் இருக்காது. எண்ணக்கூடியதா (கவுன்டபிள்) எண்ண முடியாததா (அன்கவுன்டபிள்) என்பதைப் பெரும்பாலும் அந்தப் பொருள்தான் முடிவு செய்கிறது.

இது நமக்கு ஏன் கடினம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். தமிழில் ‘மரம் விழுந்தது’, ‘மரம் விழுந்தன’ இரண்டுமே சரி. மரம் ஒன்றா பலவா என்பதை வினைதான் சொல்கிறது, பெயர் அப்படியே நிற்கிறது. நன்னூல் இதற்குப் ‘பால்பகா அஃறிணைப் பெயர்’ என்று தனியாகவே ஒரு வகை வைத்திருக்கிறது. பேச்சில் ‘பத்து கட்டுரை படித்தேன்’ என்று சொன்னால் யாரும் குறை சொல்வதில்லை. ஆங்கிலத்தில் இப்படித் தள்ளிப்போட முடியாது. பெயர்ச்சொல்லை எழுதும்போதே ஒன்றா, பலவா, எண்ணிக்கைக்கு வராத மொத்தமா என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை எடுக்கும் பழக்கம் நமக்கு இல்லை. பழகிக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

உங்கள் கைடு வட்டமிட்ட ‘எஸ்’ பிழைகளைவிட அதிகமாக நான் திருத்துவது வேறொன்று: எண்ணக்கூடிய பெயர்ச்சொல் ஒருமையில் தனியாக நிற்பது. ‘எக்ஸ்பெரிமென்ட் வாஸ் கண்டக்டட்’ என்று எழுதுகிறார்கள். கவுன்டபிள் சொல் ஒருமையில் வந்தால் முன்னால் ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும். ‘ஆன்’, ‘தி’, ‘திஸ்’, ‘ஈச்’, ‘அவர்’ எதுவாகவும் இருக்கலாம், ஆனால் வெற்றிடமாக இருக்கக் கூடாது. ‘பை ஹேண்ட்’, ‘இன் கேஸ்’ போன்ற நிலைத்துப்போன தொடர்கள் விதிவிலக்கு. அன்கவுன்டபிள் சொல்லுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ‘ரிசர்ச் ஷோஸ்’ என்று வெறுமனே தொடங்கலாம், ‘ஸ்டடி ஷோஸ்’ என்று தொடங்க முடியாது. அதனால் ஒரு சொல் எந்த வகை என்று தெரிந்தால் ‘எ’, ‘தி’ பற்றிய குழப்பத்திலும் பாதி தீர்ந்துவிடும். பொதுவாக ஒரு வகையினரைப் பற்றிப் பேசும்போது, ‘டீச்சர்’ என்று ஒருமையில் தவிக்காமல் ‘டீச்சர்ஸ்’ என்று பன்மைக்குப் போய்விடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

சரி, ‘ரிசர்ச்’ விஷயத்துக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டில் மைக்கேல் ஃபாரடே தன் மின்னியல் ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட நூலின் பெயரே ‘எக்ஸ்பெரிமென்டல் ரிசர்ச்சஸ் இன் எலெக்ட்ரிசிட்டி’. அன்று அந்தப் பன்மை இயல்பாக இருந்தது. இன்று ஆய்வு என்ற செயல்பாடு முழுவதையும் ஒரே மொத்தமாகப் பார்த்து ‘ரிசர்ச்’ என்கிறார்கள். அதனால் ‘மெனி ரிசர்ச்சஸ்’, ‘அனதர் ரிசர்ச்’, ‘எவ்ரி ரிசர்ச்’ எதையும் இப்போது ஏற்க மாட்டார்கள்.

இங்கே பலரும் ‘எ பீஸ் ஆஃப்’ என்பதைச் சேர்த்துத் தப்பிக்கப் பார்க்கிறார்கள். ‘எ பீஸ் ஆஃப் ரிசர்ச்’, ‘த்ரீ பீஸஸ் ஆஃப் எவிடென்ஸ்’ இரண்டும் இலக்கணப்படி சரிதான். ஆனால் பக்கத்துக்கு நான்கு முறை வந்தால் படிக்க அலுப்பாக இருக்கும். நான் எப்போதும் சொல்லும் வழி வேறு: எண்ண முடியாத சொல்லுக்குப் பக்கத்திலேயே எண்ணக்கூடிய உறவுச் சொல் ஒன்று இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ரிசர்ச்’ பக்கத்தில் ‘ஸ்டடி’ இருக்கிறது. ‘எவிடென்ஸ்’ பக்கத்தில் ‘ஃபைண்டிங்’, ‘ரிசல்ட்’. ‘எக்விப்மென்ட்’ என்றால் ‘டிவைஸ்’, ‘இன்ஸ்ட்ருமென்ட்’. ‘அட்வைஸ்’ என்றால் ‘ரெகமெண்டேஷன்’. ‘சாஃப்ட்வேர்’ என்றால் ‘ப்ரோகிராம்’, ‘டூல்’. ‘மெனி ஸ்டடீஸ் ஹாவ் ஷோன்’ என்று எழுதினால் பிழையும் போகிறது, வாக்கியமும் தெளிவாகிறது. ஏனென்றால் உங்கள் மனத்தில் இருந்தது தனித்தனி ஆய்வுகள்தான், ‘ரிசர்ச்’ என்ற மொத்தம் இல்லை. இந்த ஜோடிகளை உங்கள் துறைக்கு ஏற்ப எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெறும் பட்டியலைவிட இது நிச்சயம் பயன்படும்.

அளவுச் சொற்களில் பெரும்பாலானவை சுலபம். எண்ணக்கூடியதற்கு ‘மெனி’, ‘ஃப்யூவர்’, ‘நம்பர்’. மற்றதற்கு ‘மச்’, ‘லெஸ்’, ‘அமவுன்ட்’. பங்கேற்பாளர்களுக்கு ‘அமவுன்ட்’ வராது, ‘நம்பர்’தான். ‘எ நம்பர் ஆஃப் ஸ்டடீஸ்’ என்றால் வினை பன்மை, ‘தி நம்பர் ஆஃப் ஸ்டடீஸ்’ என்றால் ஒருமை. இவ்வளவுதான்.

ஆனால் ‘ஃப்யூ’, ‘எ ஃப்யூ’ இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இங்கே பிழை வந்தால் இலக்கணம் மட்டும் கெடாது, உங்கள் வாதமே மாறிவிடும். ‘ஃப்யூ ஸ்டடீஸ் ஹாவ் எக்ஸாமின்ட் திஸ்’ என்றால் இதை ஆராய்ந்தவர்கள் மிகக் குறைவு, இங்கே ஓர் இடைவெளி இருக்கிறது என்று பொருள். ‘எ ஃப்யூ ஸ்டடீஸ்’ என்றால் ஏற்கெனவே சிலர் ஆராய்ந்திருக்கிறார்கள் என்று பொருள். உங்கள் ஆய்வு ஏன் தேவை என்று முன்னுரையில் நியாயப்படுத்தும் வாக்கியத்தில் ஒரு ‘எ’ தவறிப்போய் உள்ளே வந்தால், நீங்களே உங்கள் தேவையைக் குறைத்துக்கொள்கிறீர்கள். ‘லிட்டில் எவிடென்ஸ்’, ‘எ லிட்டில் எவிடென்ஸ்’ இரண்டுக்கும் இதே வேறுபாடுதான். ஒன்று ‘சான்று அனேகமாக இல்லை’, மற்றது ‘கொஞ்சம் இருக்கிறது’. முன்னுரையையும் முடிவுரையையும் பார்க்கும்போது இந்த நான்கையும் தேடி ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

அப்புறம், இரண்டு வேடத்திலும் வரும் சொற்கள். மனப்பாடம் தோற்பது இங்கேதான். ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்பது காலப்போக்கில் சேர்ந்த பட்டறிவைக் குறித்தால் எண்ண முடியாது. பங்கேற்பாளர்களுக்கு நேர்ந்த தனித்தனி நிகழ்வுகளைக் குறித்தால் ‘எக்ஸ்பீரியன்சஸ்’. ‘அனாலிசிஸ்’ என்பது பொதுவான செயலாக வரும், ஒரு குறிப்பிட்ட பகுப்பாய்வாக ‘ஆன் அனாலிசிஸ்’ என்றும் வரும், பன்மை ‘அனாலிசீஸ்’. ‘பேப்பர்’ தாள் என்றால் எண்ண முடியாது, கட்டுரை என்றால் எண்ணலாம். ‘டேமேஜ்’ சேதம்; ‘டேமேஜஸ்’ என்றால் சட்டத்தில் இழப்பீடு. பொறியியல் கட்டுரையில் பாலத்தின் சேதத்தை ‘டேமேஜஸ்’ என்று எழுதினால் படிப்பவர் திகைத்துப்போவார். ‘நாலெட்ஜ்’ அன்கவுன்டபிள்தான், பன்மையில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ‘எ குட் நாலெட்ஜ் ஆஃப்’ என்று ‘எ’ ஏற்கும்.

துறை வழக்கும் உண்டு. பொருள் ஒன்றாக இருந்தாலும் அதன் வகைகளைப் பேசும்போது பன்மை வரும். மண்ணியலாளர் ‘சாயில்ஸ்’ என்பார், உலோகவியலாளர் ‘ஸ்டீல்ஸ்’ என்பார், வேதியியலில் ‘சுகர்ஸ்’, ‘ப்ரோட்டீன்ஸ்’ சாதாரணம். உளவியலில் ‘பிஹேவியர்ஸ்’ தாராளமாக வருகிறது. உங்கள் துறையின் நல்ல இதழ்களில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்ப்பதே இதற்கு வழி. கூகுள் ஸ்காலரில் தேடலாம், ஆனால் எச்சரிக்கை தேவை. ‘ரிசர்ச்சஸ்’ என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வரும். அதில் பல நம்மைப் போன்றவர்கள் எழுதியவை, சில ‘ஆராய்கிறார்’ என்ற வினைச்சொல். எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாமல் வாக்கியத்தைப் படியுங்கள்.

அகராதி விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சாதாரண ஆங்கில அகராதிகள் பலவற்றில் இந்தத் தகவல் இருக்காது. கற்போருக்கான அகராதியைத் திறந்து பாருங்கள்: ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ், லாங்மன், கேம்ப்ரிட்ஜ் எதுவாகவும் இருக்கட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ‘சி’ (கவுன்டபிள்) அல்லது ‘யு’ (அன்கவுன்டபிள்) என்ற குறி இருக்கும். இந்தக் குறிக்கு ஒரு வரலாறு உண்டு. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தன் சகாக்களோடு தொகுத்து, 1942-இல் டோக்கியோவில் வெளியான அகராதியிலேயே அது இருந்தது. அந்த அகராதியின் வழி வந்ததுதான் இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ். பிறமொழிக்காரர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று வகுப்பறையில் நேரில் பார்த்தவர்கள் நமக்காகவே போட்ட குறி அது, தயவுசெய்து அதைத் தாண்டிப் போகாதீர்கள். குறி சொல்லுக்கு ஒன்றாக இருக்காது, பொருளுக்கு ஒன்றாக இருக்கும். முதல் பொருளோடு நிறுத்தாமல் உங்கள் வாக்கியத்துக்குப் பொருந்தும் பொருள்வரை கீழே வாருங்கள்.

முறைகள் பகுதிக்கு ஒரு சின்னக் குறிப்பு. ‘5 மில்லிலிட்டர்ஸ் ஆஃப் வாட்டர் வாஸ் ஆடட்’ என்று ஒருமை வினைதான் வரும். சேர்த்தது ஒரே அளவு, ஐந்து பொருட்கள் இல்லை. தூரம், எடை, காலம் ஆகியவற்றுக்கும் இதே காரணத்தால் ‘லெஸ் தான் 5 கிலோமீட்டர்ஸ்’ என்பதே இயல்பு.

கடைசியாக ‘டேட்டா’. இது ‘டேட்டம்’ என்பதன் பன்மை. உளவியல், கல்வியியல் துறைகளில் பரவலாகப் பின்பற்றப்படும் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) நடைமுறை இதைப் பன்மையாகவே எழுதச் சொல்கிறது. ‘தி டேட்டா வேர்’ என்று வர வேண்டும். கணினித் துறையிலும் அன்றாட எழுத்திலும் ஒருமையாக எழுதுவது இயல்பாகிவிட்டது. எது சரி என்று சண்டையிடுவதில் பயனில்லை. இதழின் வழிகாட்டியைப் பார்த்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். முறைகள் பகுதியில் ‘டேட்டா வேர் கலெக்டட்’ என்று எழுதிவிட்டு முடிவுகள் பகுதியில் ‘டேட்டா ஷோஸ்’ என்று எழுதினால் திருத்துபவர் அங்கேதான் நிறுத்துவார். கட்டுரையை அனுப்பும் முன் கோப்பில் ‘டேட்டா’ என்று தேடி, ஒவ்வொரு இடத்திலும் அடுத்து வரும் வினையை மட்டும் பார்த்துவிடுங்கள்.