கியர் ஏன் நழுவுகிறது? டெக்னிக் மாடல்களின் உள்வேலை பற்றிக் கேள்வி பதில்

லெகோ டெக்னிக் (கியரும் அச்சும் வைத்து அசையும் இயந்திரங்கள் கட்டும் லெகோ வரிசை) மாடல்களுக்கு உள்ளே இருக்கும் கியர், அச்சு, சட்டம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் இதில் இறங்கினேன். ஒரு மாடல் பார்க்க எப்படி இருக்கிறது என்பதைவிட உள்ளே எது எதைச் சுற்றுகிறது என்பதில்தான் எனக்கு ஆசை, அதனால் பதில்களும் அந்தப் பக்கமாகவே சாயும்.

கேள்வி: அண்ணா, சொந்தமாக ஒரு லாரி கட்டினேன். சமதரையில் நன்றாக ஓடுகிறது. மேட்டில் ஏறும்போது 'கடக் கடக்' என்று சத்தம் போட்டுக் கியர் நழுவுகிறது. பல் தேய்ந்துவிட்டதா?

பதில்: தேயவில்லை, விலகுகிறது. ஒரு கியர் இன்னொன்றைத் தள்ளும்போது, பல் சரிவாக இருப்பதால், அந்த விசையில் ஒரு பங்கு இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் பிரிக்கப் பார்க்கும். சமதரையில் அது சிறியது, சட்டம் தாங்கிக்கொள்கிறது. மேட்டில் சுமை ஏறியதும் சட்டம் வளைந்து கொடுக்கிறது, பல் பல்லைத் தாண்டிக் குதிக்கிறது. அதனால் புதுக் கியர் வாங்கிப் போட்டாலும் அதே சத்தம்தான் வரும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டு விஷயம் தெரிகிறது. 8 பல் கியரின் அச்சு ஒரு பக்கம்தான் பீமில் (வரிசையாகத் துளை உள்ள பட்டையில்) நிற்கிறது, மறுமுனை அந்தரத்தில் இருக்கிறது. அப்புறம், அந்த அச்சு ஒரு பீமிலும் 24 பல் கியரின் அச்சு வேறொரு பீமிலும் இருக்கிறது, அந்த இரண்டு பீமையும் ஒரே ஒரு பின் (துளையில் செருகும் சிறு முளை) சேர்த்துப் பிடித்திருக்கிறது. ஒன்றோடொன்று கடிக்கும் இரண்டு கியர்களின் அச்சுகளும் ஒரே பீமின் துளைகளில் இருக்க வேண்டும், கியருக்கு இந்தப் பக்கம் ஒரு பீம், அந்தப் பக்கம் ஒரு பீம். அப்போது விலக்கும் விசை பீமை நீளவாக்கில் இழுக்கும், அந்தத் திசையில் பிளாஸ்டிக் அவ்வளவு எளிதில் அசையாது. செங்கோணத்தில் கடிக்கும் பெவல் கியர்கள் இன்னும் மோசம், அவை தங்கள் அச்சின் வழியாகவே பின்னால் நகரப் பார்க்கும். அவற்றுக்குப் பின்னால் ஒரு புஷ் (அச்சில் மாட்டும் சிறு வளையம்) வைத்து, அந்தப் புஷ் ஒரு பீமில் முட்டி நிற்கும்படி கட்டுங்கள்.

மோட்டாரை மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. சக்கரத்தை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மோட்டார் வரவேண்டிய அச்சைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் திருகுங்கள். நல்ல வெளிச்சத்தில், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். எங்கே பலவீனமோ அங்கே பீமுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் நூல் அளவு வெளிச்சம் திறந்து மூடும். அந்த இடத்தைக் கட்டினால் போதும். இதைச் செய்யாமல் நான் ஒரு மாடலையும் முடிப்பதில்லை.

கேள்வி: எந்தக் கியரோடு எந்தக் கியர் சேரும் என்று எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது?

பதில்: ஞாபகமே தேவையில்லை, கணக்குதான். துளைக்குத் துளை இடைவெளி 8 மி.மீ. கியரின் பல் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் அதன் ஆரம் மி.மீ.யில் வந்துவிடும். 8 பல் என்றால் 4, 24 பல் என்றால் 12, கூட்டினால் 16 மி.மீ., சரியாக இரண்டு துளைத் தூரம். 16ம் 16ம் அதே 16. 12ம் 20ம் 6 கூட்டல் 10, அதுவும் 16. 8ம் 40ம் 24 மி.மீ., மூன்று துளை. 20ம் 20ம் சேர்த்தால் 20 மி.மீ., இரண்டரைத் துளை ஆகிவிடும், நேர்வரிசைத் துளைகளில் உட்காராது. கொஞ்சம் இறுக்கமாகவோ தளர்வாகவோ இருந்தாலும் பரவாயில்லை என்று பக்கத்துத் துளையில் மாட்டாதீர்கள். இறுகினால் மோட்டாரின் பலமெல்லாம் உரசலிலேயே போகும், தளர்ந்தால் மறுபடியும் 'கடக் கடக்'.

கேள்வி: 2016இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் மாடலில் கியர் வரிசை தப்பு என்கிறார்கள். உண்மையா, அல்லது சும்மா குறை சொல்கிறார்களா?

பதில்: உண்மைதான். 2,704 துண்டு கொண்ட அந்த செட்டை (செட் எண் 42056) கையேட்டில் உள்ளபடியே கட்டினால் கியர் 1, 3, 2, 4 என்ற வரிசையில் மாறும். நீங்களே பார்த்துக்கொள்ளலாம். காரை மேஜையில் மெதுவாக உருட்டிக்கொண்டு பின்பக்க எஞ்சினின் பிஸ்டன்களைக் கவனியுங்கள். முதல் கியரில், சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பிஸ்டன்கள் நிறையத் தடவை ஆடும், கியர் ஏற ஏற அது குறைய வேண்டும். இந்த மாடலிலோ முதல் மாற்றத்தில் சட்டென்று குறைந்து, அடுத்ததில் மறுபடி கூடும். உள்ளே சில கியர்களை இடம் மாற்றினால் சரியாகிவிடும், பலர் செய்திருக்கிறார்கள்.

இதை ஏன் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், அந்தக் கியர்பாக்ஸ் வெளியே தெரியாது. கதவு, வண்ணம், உலோகத் தகடுபோல் மின்னும் சக்கரம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தெரியாத இடத்தில் ஒழுங்காகச் செய்வதுதான் இயந்திரம் கட்டுவது என்று நான் நினைக்கிறேன். தவறு எல்லோருக்கும் வரும். ஆனால் உருட்டிப் பார்த்தாலே தெரியும் ஒன்று கையேட்டில் தங்கிவிட்டது எனக்கு வருத்தம்தான்.

கேள்வி: கரடுமுரடான இடத்தில் போகும் நான்கு சக்கர இழுவை வண்டி கட்டுகிறேன். நீளமான அச்சுகள் முறுக்குக் கயிறு மாதிரி திருகிக்கொள்கின்றன. எத்தனை அச்சு மாற்றுவது?

பதில்: அச்சை மாற்றாதீர்கள், வேகத்தைக் குறைக்கும் இடத்தை மாற்றுங்கள். மோட்டாருக்குப் பக்கத்திலேயே வேகத்தைக் குறைத்துவிட்டால், அங்கிருந்து சக்கரம் வரை எல்லா அச்சும் எல்லா மூட்டும் அந்தப் பெரிய முறுக்கைச் சுமந்தாக வேண்டும். சக்கரத்துக்குப் பக்கத்தில் குறைத்தால் நடுவில் உள்ளவை வேகமாக, ஆனால் லேசாகச் சுற்றும், கடைசி ஒரு விரல் நீளத்தில்தான் முறுக்கு பெரிதாகும். நிஜ டிராக்டரிலும் பெரிய சுரங்க லாரியிலும் சக்கரத்தை ஒட்டியே கடைசிக் கியர் இருப்பது இதற்காகத்தான். லெகோவில் 2019இல் 42099 செட்டோடு வந்த பிளானட்டரி ஹப் இதையே சக்கரத்தின் உள்ளே செய்கிறது. அது கிடைக்காவிட்டால் சக்கரத்தின் அச்சிலேயே 24 பல் கியர், அதற்கு 8 பல், மூன்றுக்கு ஒன்று. கொஞ்சம் இடம் அடைக்கும், ஆனால் அச்சு திருகாது.

கூடவே இன்னொன்று. உங்கள் வண்டி ஒரே சீராகப் போகாமல் துடித்துத் துடித்துப் போகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். யுனிவர்சல் ஜாயிண்ட் (இரண்டு அச்சைக் கோணத்தில் இணைத்துச் சுற்றவிடும் மூட்டு) கோணத்தில் சுற்றும்போது மறுபக்கம் ஒரே வேகத்தில் சுற்றாது, ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். ஒரே அச்சில் இரண்டு ஜாயிண்ட் போட்டு, நடு அச்சின் இரு முனையிலும் உள்ள கவட்டைகள் (ஜாயிண்டின் இரு கிளையாகப் பிரியும் முனைகள்) ஒரே திசையைப் பார்க்கும்படி மாட்டி, இரண்டு கோணமும் சமமாக இருந்தால், ஒன்று கெடுப்பதை மற்றொன்று சரிசெய்துவிடும். உங்கள் படத்தில் கவட்டைகள் ஒன்றுக்கொன்று கால் சுற்று விலகியிருக்கின்றன, அதனால் துடிப்பு இரட்டிப்பாகிறது. ஒரு முனையைக் கழற்றித் திருப்பி மாட்டுங்கள்.

கேள்வி: வார்ம் கியர் போடலாமா?

பதில்: திருகாணி மாதிரி இருக்கும் அந்தக் கியரைக் கிரேன் கயிறு, ஏணி, தூக்குப் பாலம் இவற்றுக்குப் போடலாம், சுமை பின்னால் இழுத்தாலும் திரும்பாது. வண்டியை ஓட்டுவதற்கு வேண்டாம், உரசல் அதிகம்.

கேள்வி: சார், பழைய ஸ்டட் (மேலே குமிழ்) வைத்த டெக்னிக் சிறந்ததா, இப்போதைய வழுவழுப்பான பீம் சிறந்ததா?

பதில்: பழைய மாடல்கள் மேல் எனக்கு அளவு கடந்த மரியாதை. 1977இல் வந்த 853 கார் சேஸியிலேயே ஸ்டியரிங், கியர்பாக்ஸ், ஆடும் பிஸ்டன்கள் எல்லாம் இருந்தன. 1980இன் 8860இல் டிஃபரன்ஷியலும் (வளைவில் இரு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் அமைப்பு) பின்பக்கச் சஸ்பென்ஷனும் சேர்ந்தன. 1994இன் 8880இல் நான்கு சக்கர இழுவை, நான்கு சக்கர ஸ்டியரிங், நான்கு சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன், நான்கு வேகக் கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே காரில். மேல் மூடி பெரிதாக இல்லாததால் எல்லாமே கண்ணுக்குத் தெரியும், பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் கட்டுவதற்குப் புதியதுதான் எளிது. பழைய கல்லின், அதாவது ஸ்டட் வைத்த துண்டின், உயரம் 9.6 மி.மீ., துளைகளின் இடைவெளியோ 8. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் மேல் துளையும் கீழ்த் துளையும் கியருக்கு ஒத்துவராது. நடுவில் இரண்டு மெல்லிய தகடு வைத்தால் 9.6ம் 6.4ம் சேர்ந்து 16 ஆகும், அப்போதுதான் இரண்டு துளைத் தூரம் கிடைக்கும். அப்புறம் பழைய கல் இரட்டைப்படை நீளம், புதிய பீம் பெரும்பாலும் ஒற்றைப்படை, நடுவில் ஒரு துளை இருக்கும். காரின் நடுக்கோட்டில் ஒரு அச்சு விடுவதற்கு அந்த நடுத்துளை எவ்வளவு உதவி என்பது ஒரு சேஸி கட்டினால் புரியும். வளைவதைத் தாங்குவதில் மட்டும், தகடு வைத்து அடுக்கிய பழைய கட்டுமானம் இன்றும் பலமானது.

கேள்வி: என் கிரேனின் கை சாய்ந்து நெளிகிறது. நிறைய பீம் சேர்த்தும் பயனில்லை.

பதில்: பீம் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம், முக்கோணம் போடுங்கள். சதுரம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சாயும். பள்ளிக்கூடத்தில் படித்த 3-4-5 செங்கோண முக்கோணம்தான் இங்கேயும். தூரத்தை எண்ணும்போது துளை ஒன்று கூடுதலாக வரும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், அதாவது 4ஆவது, 5ஆவது, 6ஆவது துளை. அதை இரட்டித்தால் 6-8-10, அதற்கு 7, 9, 11 துளை பீம்கள் கச்சிதமாகப் பொருந்தும். கையில் அழுத்தம் தராமல் பின் தானாக உள்ளே போனால் சரியான துளை. அழுத்தி நுழைத்தால் சட்டம் முழுக்க இழுவிசையோடு நிற்கும், பத்து நாளில் கோணிக்கொள்ளும். நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று, லெகோவின் வளைந்த பீம்கள் சிலவற்றின் கோணம் 53.13 டிகிரி, அது இந்த 3-4-5 முக்கோணத்தின் கோணமேதான்.

கேள்வி: போனில் இயக்கும் பெரிய மாடல்கள் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? லீபர் எக்ஸ்கவேட்டர் வாங்கலாமா?

பதில்: 2019இல் வந்த லீபர் ஆர் 9800 (42100), 4,108 துண்டு, 7 மோட்டார். ஓட்டிப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். எனக்கு ஒரு மோட்டாரை வைத்து ஏழு வேலை வாங்கும் மாடல்தான் பிடிக்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மோட்டார் இருந்தால் வேலையைப் பிரிக்கும் கியர்பாக்ஸே தேவையில்லாமல் போகிறது, எனக்குச் சுவையான பகுதி அதுதான். தவிர, போனில் உள்ள செயலி என்றாவது ஒரு நாள் புதுப் போனில் ஓடாமல் போகலாம். கைப்பிடியைச் சுற்றி இயக்கும் மாடல் ஐம்பது வருடம் கழித்தும் சுற்றும், எங்கே இறுகுகிறது என்று கைக்கும் தெரியும்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் என்னுடைய பழைய மெக்கானிக்ஸ் செட் இருக்கிறது, நட்டு போல்ட் போட்டு மாட்டும் உலோகப் பட்டைகள். அதைக் கொடுப்பதா, லெகோ வாங்குவதா?

பதில்: முதலில் வீட்டில் இருப்பதைக் கொடுங்கள். அந்தத் துளைப் பட்டை யோசனை லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1901இல் காப்புரிமை வாங்கியது, பிறகு மெக்கானோ என்று பெயர் பெற்றது. அதில் துளை இடைவெளி அரை அங்குலம், 19 பல் கியரும் 57 பல் கியரும் சரியாக ஓர் அங்குலத்தில் கடிக்கும். 8ம் 24ம் சேரும் அதே கணக்கு, அதே மூன்றுக்கு ஒன்று. விளையாட்டுச் சாமான்தானே என்று நினைக்காதீர்கள், 1934இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீயும் ஆர்தர் போர்ட்டரும் மெக்கானோ துண்டுகளை வைத்தே வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் இயந்திரம் கட்டினார்கள்.

நட்டை முழுதாக இறுக்கினால் மூட்டு அசையாது, கொஞ்சம் தளர்த்தி மேலே இன்னொரு நட்டு போட்டுப் பூட்டினால் அசையும், ஆனால் கழன்று வராது. இந்த வித்தியாசத்தை ஒரு குழந்தை விரலால் உணர்ந்துவிட்டால் லெகோவில் கறுப்புப் பின் ஏன் இறுக்கமாகவும் சாம்பல் பின் ஏன் வழுக்கிக்கொண்டும் சுற்றுகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு பட்டை, ஒரு போல்ட், இரண்டு நட்டு, அதோடு ஆரம்பியுங்கள்.