கல்நார் நோயும் இழப்பீட்டு வழக்கும்: ஒரு தொழிலாளர் வழக்கறிஞரின் பதில்கள்

கேள்வி (தக்கலை): அப்பா வெளிமாநிலக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் ஆலையில் 1990இல் சேர்ந்து 2012இல் ஓய்வு பெற்றார். இப்போது படியேற முடியாத மூச்சுத்திணறல். பழைய ஆவணம் எதுவும் இல்லை என்கிறது ஆலை. வழியுண்டா ஐயா?

பதில்: உண்டு. கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப்பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை ஆலை பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் உத்தரவிட்டது. உங்கள் தந்தையின் கணக்கில் அது 2030 வரை நீள்கிறது. ஆகவே ஆவணம் இல்லை என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதுவே உங்களுக்குச் சான்று.

அவருக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்ததா என்பதை அடுத்துப் பாருங்கள். இருந்தால் முதலாளியிடம் இழப்பீடு கோர முடியாது, ஈ.எஸ்.ஐ. வழியேதான் செல்ல வேண்டும். இல்லையெனில் இழப்பீட்டு ஆணையரிடம் மனு. 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையரிடமே அதைத் தாக்கல் செய்யலாம். ஆலை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. காலவரம்பு 2 ஆண்டுகள் என்றாலும், தக்க காரணம் காட்டினால் ஆணையர் தாமதத்தை மன்னிக்கலாம். பல ஆண்டுகள் மறைந்திருந்து வெளிப்படும் நோய்க்கு இதைவிடத் தக்க காரணம் வேண்டுமா? அச்சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருப்பதால், எதன்கீழ் மனு என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, என்ன வேலை, எத்தனை ஆண்டு என்பதை மருத்துவர் சிகிச்சைச் சீட்டில் எழுதும்படி கேளுங்கள். வெறும் ‘ஆஸ்துமா’ என்று எழுதிய சீட்டால் நல்ல வழக்குகள் தோற்கின்றன.

கேள்வி (குளச்சல்): அண்ணன் பிரிட்டிஷ் நிறுவனக் கப்பல்கள் பலவற்றில் என்ஜின் அறையில் இருந்தவர். மீசோதெலியோமா (நுரையீரல் உறைப் புற்றுநோய்) என்கிறார்கள். எந்தக் கப்பலில் வந்தது என்று எப்படி நிரூபிப்பது?

பதில்: நிரூபிக்க வேண்டியதில்லை. பல முதலாளிகளிடம் கல்நார்த் தூசை சுவாசித்தவருக்கு, எவருடைய தூசு நோயைத் தந்தது என்று காட்ட இயலாவிட்டாலும் வழக்கு நிற்கும் என்று 2002இல் ஃபேர்சைல்ட் வழக்கில், அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை தீர்த்தது. ஆனால் நோயை அறிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளே அங்குக் காலவரம்பு. சி.டி.சி. புத்தகத்தை (கப்பல் பணிப் பதிவேடு) பத்திரப்படுத்தி, அந்நாட்டு வழக்கறிஞரை இம்மாதமே அணுகுங்கள். சிகிச்சைச் சீட்டில் வேலை விவரம் இருக்கட்டும்.

கேள்வி (மார்த்தாண்டம்): வீட்டுக்கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். எனக்கு இருமல். வழக்குப் போடலாமா?

பதில்: இது தொழில்நோய் வழக்காகாது. மருத்துவரைப் பாருங்கள். ஷீட்டை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம்.

கேள்வி (களியக்காவிளை): எங்கள் கூரையும் ஷீட்தான்...

பதில்: மார்த்தாண்டத்து நண்பருக்குச் சொன்னதே.

கேள்வி (வில்லுக்குறி): வெள்ளைக் கல்நார் ஆபத்தற்றது, நீலமும் பழுப்பும்தான் கேடு. அரசே தடை செய்யவில்லையே?

பதில்: தடையில்லை என்பதால் தீங்கில்லை என்றாகாது. வெள்ளை உட்பட எல்லா வகையும் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பிரிட்டன் 1999இல் வெள்ளையையும் தடை செய்தது.

கேள்வி (மீண்டும் வில்லுக்குறி): சிமெண்டில் இறுகிய நார் வெளியே வராதே? தக்கலைக்காரரின் அப்பா பீடி குடித்திருக்கலாம்.

பதில்: ஆலையில் நார் சிமெண்டில் இறுகியா வருகிறது? மூட்டையைப் பிரித்துக் கொட்டியவர்களும் ஷீட்டை அறுத்தவர்களும் அதைத் தூசாகவே சுவாசித்தார்கள். புகையிலை, கல்நாரோடு சேரும்போது நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைப் பன்மடங்காக்கும். ஆனால் மீசோதெலியோமா புகையால் வருவதில்லை. எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் ஆயுதம் பீடிதான். அதை நாமே நம் தொழிலாளிக்கு எதிராக எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி (மணவாளக்குறிச்சி): கடற்கரை மணலின் கதிர்வீச்சு பற்றி...

பதில்: என் துறையன்று. கதிரியக்கம் அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி (குலசேகரம்): தம்பிக்கு நிறுவனம் ஒரு தொகை தந்து, இனி எதுவும் கோரமாட்டேன் என்று கையெழுத்துக் கேட்கிறது.

பதில்: கையெழுத்திட வேண்டாம். சட்டம் தரும் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது; ஆனாலும் அந்தத் தாளைக் காட்டியே ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். தொகை எதுவானாலும் ஆணையர் முன்னிலையில் பதிவாகட்டும்.