மலை வேட்டைக்குக் கனமில்லாத ஸ்பாட்டிங் ஸ்கோப்: கேள்வி பதில்

குளிர்காலம் நெருங்கிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலை அடிவாரப் பண்ணைகளுக்கு வேட்டைக்குப் போகிறவர்கள் ஸ்பாட்டிங் ஸ்கோப் (தூரத்து விலங்கைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) பற்றிக் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணா, 20-60×80 (20 முதல் 60 மடங்கு உருப்பெருக்கம், 80 மி.மீ. முன்லென்ஸ்) ஸ்கோப் ஒன்று சலுகை விலைக்கு வருகிறது. அண்டர்பர்க் பக்கம் மலை ஏறப் போகிறேன். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. 80 மி.மீ. ஸ்கோப் ஒன்றரை கிலோவுக்கு மேல் வரும். அதைத் தாங்கும் ட்ரைபாடும் (முக்காலி) சேர்ந்தால் மூன்று கிலோவைத் தாண்டிவிடும். துப்பாக்கி, தண்ணீர், குளிர்ச்சட்டை எல்லாம் ஏற்கெனவே முதுகில் இருக்கும். முதல் நாள் ஆசையாகத் தூக்கிப் போவாய், மறுநாள் அது வண்டியிலேயே கிடக்கும். மலைக்கு 50 முதல் 60 மி.மீ. போதும்.

60 மடங்கு என்பதிலும் மயங்காதே. முன்லென்ஸின் அகலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்துப் பார். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு அதுதான். 60 மி.மீ. லென்ஸில் 20 மடங்கு வைத்தால் 3 மி.மீ., 60 மடங்கு வைத்தால் வெறும் 1 மி.மீ. மலிவான கண்ணாடியில் அந்த 1 மி.மீ. மங்கலாகவும் தெளிவில்லாமலும்தான் தெரியும். வெயில் ஏறிவிட்டால் புல்சரிவிலிருந்து கானல் கிளம்பும். 30 மடங்குக்கு மேல் போனால் மான் தண்ணீருக்குள் நிற்பதுபோல் ஆடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்கோப்பானாலும் கானலை ஒன்றும் செய்ய முடியாது.

இந்த மலைக்கென்று இன்னொரு விஷயமும் உண்டு. நம் பக்கத்துச் செங்குத்து முகம் கிழக்கே பார்த்திருக்கிறது. காலையில் வெயில் உன் முதுகுக்குப் பின்னாலிருந்து சரிவில் விழும், எல்லாம் பளிச்சென்று தெரியும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரம் இறங்கிவிடுவதால் நிழல் முன்கூட்டியே வந்துவிடும். அந்த நேரத்தில் ஜூமைக் குறைத்துப் பார்க்கப் பழகிக்கொள்.

ஃபீனிக்ஸிலிருந்து: சரி, எந்த மாடல் என்று நேரடியாகச் சொல்லுங்கள்.

கையைக் கடிக்காத விலையில் கோவா டி.எஸ்.என். 501, 502. இரண்டும் 20-40×50, சுமார் 400 கிராம்தான். நிறச்சிதறலைக் குறைக்கும் இ.டி. கண்ணாடி கிடையாது. அதனால் வானத்துக்கு எதிரே நிற்கும் மானின் ஓரத்தில் லேசாக ஊதாக்கோடு தெரியலாம். வேட்டைக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை. இ.டி. கண்ணாடிதான் வேண்டும் என்றால் செலஸ்ட்ரான் ஹம்மிங்பேர்ட் 9-27×56 இருக்கிறது, 600 கிராம் அளவில் வரும். இன்னும் கொஞ்சம் பணம் சேர்க்க முடியுமானால் வோர்டெக்ஸ் ரேசர் 11-33×50. ஏறக்குறைய 700 கிராம், படம் மிகத் தெளிவு. என் கையில் பணம் இருந்தால் இதைத்தான் எடுப்பேன்.

டோங்காட்டிலிருந்து: நல்ல பைனாகுலர் இருக்கும்போது ஸ்கோப் எதற்கு மாமா?

தேடுவதற்குப் பைனாகுலர்தான். பாதி நாள் அதிலேயே போகும். கண்டுபிடித்தது என்ன என்று உறுதி செய்வதற்குத்தான் ஸ்கோப். ஃபால்ரிபொக் (கிரே ரீபொக்) மானை எடுத்துக்கொள்ளுங்கள். கிடாவுக்கு மட்டும்தான் கொம்பு, அதுவும் நேராக, ஒல்லியாக நிற்கும். காதோ முயல் காதுபோல் நீளம். ஐந்நூறு மீட்டரில் 10 மடங்குப் பைனாகுலரில் காது எது, கொம்பு எது என்று தெரியாது. ஸ்கோப்பை வைத்துப் பொறுமையாகப் பாருங்கள். காது திரும்பும், மடங்கும். கொம்பு தலை அசைந்தால்தான் அசையும்.

ரூய்ரிபொக் (மவுண்டன் ரீட்பக்) மான் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கிடாவின் கொம்பு முன்னோக்கி வளைந்திருக்கும், பெட்டைக்குக் கொம்பே இல்லை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். பட்டியலில் இது இப்போது அழியும் ஆபத்திலுள்ள இனம். பண்ணைக்காரரின் எழுத்து அனுமதியும் உரிமச்சீட்டும் கையில் இருந்தாலும், எந்த விலங்கு என்று நூறு சதவீதம் தெரியாமல் விசையில் விரல் வைக்கக் கூடாது. ஸ்கோப்பைச் சுமப்பதே இதற்காகத்தான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து: நான் வேட்டைக்காரி இல்லை. டிராக்கன்ஸ்பர்கிலுள்ள ஜயண்ட்ஸ் காசிலுக்குத் தாடிக்கழுகு பார்க்கப் போகிறோம். எனக்கும் இதே ஸ்கோப் சரிவருமா? கண்குழல் நேரா, சாய்வா?

தாராளமாகச் சரிவரும் அக்கா. சாய்ந்த கண்குழல் வாங்குங்கள். தலைக்கு மேலே பறப்பதைக் கழுத்து வலிக்காமல் பார்க்கலாம், பிள்ளைகளும் பெரியவர்களும் ட்ரைபாட் உயரத்தை மாற்றாமலே மாறி மாறிப் பார்க்கலாம். வண்டி ஜன்னலிலிருந்து பார்ப்பவர்களுக்கும், இலக்கைச் சட்டென்று பிடிக்க நினைப்பவர்களுக்கும் நேர்க்குழல் வசதி.

வெருலத்திலிருந்து: மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறேன்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடைவெளி 15 மி.மீட்டராவது விட்டுப் பார்க்க முடிகிற ஸ்கோப்பாகத் தேடுங்கள். கடையில் கண்ணாடியோடே பாருங்கள். வட்டம் முழுதாகத் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

டர்பனிலிருந்து: பழைய ஸ்கோப் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தை மறந்துவிடாதீர்கள். கடலோர வீட்டு அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்கும். டார்ச்சை முன்லென்ஸ் வழியாகச் சாய்த்து அடித்து, உள்ளே சிலந்தி நூல்போல் ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். வெண்படலம் தெரிந்தாலும் வேண்டாம். பிறகு ஜூமை முழுக்கத் திருப்பிப் பாருங்கள், எங்கும் சிக்கவோ தளரவோ கூடாது. வாங்கிய பிறகு தோல் உறைக்குள் பூட்டி வைக்காமல், மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

மீண்டும் சாட்ஸ்வொர்த்திலிருந்து: ட்ரைபாடுக்கு மலிவாக ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

அதில்தான் கைவைக்காதே தம்பி. மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை ட்ரைபாடுக்கு ஒதுக்கு. ஆடும் காலில் நிற்கும் நல்ல ஸ்கோப்பைவிட, அசையாத காலில் நிற்கும் சாதாரண ஸ்கோப்பில்தான் அதிகம் தெரியும். மலையில் உட்கார்ந்துதான் பார்ப்பாய், ஆகவே ஆளுயரக் கால் தேவையில்லை. நடுத்தண்டை உயர்த்தாதே. காற்றடித்தால் முதுகுப்பையை அதில் தொங்கவிடு, அடங்கிவிடும்.

லேடிஸ்மித்திலிருந்து: பனியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்ததும் லென்ஸ் வேர்த்துவிடுகிறது. கெட்டுவிட்டதா?

வெளிப்பக்கம் மட்டும் வேர்த்தால் கெடவில்லை. துடைக்காமல், பைக்குள்ளேயே மூடி வைத்து மெதுவாகச் சூடேற விடுங்கள். உள்பக்கம் வேர்த்தால்தான் காப்பு போய் ஈரம் நுழைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது நீங்களே திருகைக் கழற்றாமல் வாங்கிய கடைக்கு அனுப்பிவிடுங்கள்.