வரையாட்டைவிட ஒரு தவளைக்கு ஆபத்து அதிகமா?

கேள்வி: எங்கள் பள்ளிச் சூழல் மன்றத்தில் வரையாட்டையும் ஆனைமுடித் தவளையையும் சேர்த்து ஒரு சார்ட் தயாரிக்கிறோம். ஆடு 'அருகிவரும்' பட்டியலில் இருக்கிறது, தவளை அதற்கும் மேலே 'மிகவும் அருகிவரும்' பட்டியலில். "தவளை ஆயிரக்கணக்கில் முட்டை போடுமே, அதுக்கு ஏன் டீச்சர் ஆபத்து?" என்று ஒரு மாணவி கேட்டாள். எப்படி விளக்குவது?

பதில்: நல்ல கேள்வி. அந்த மாணவி மனத்தில் இருப்பது குளத்துத் தவளை. ராவோர்செஸ்டஸ் ரெஸ்ப்லெண்டன்ஸ் என்ற இந்தத் தவளை வேறு ரகம். 2010-இல்தான் அறிவியல் இதற்குப் பெயர் வைத்தது. ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம், நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். இதன் வாழ்க்கையில் தலைப்பிரட்டைக்கு இடமே இல்லை. முட்டைக்குள்ளேயே வளர்ந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். இப்படி வளரும் தவளைகள் கொஞ்சம் முட்டைதான் இடும், அதனால் ஆயிரக்கணக்கில் முட்டை என்ற கணக்கு இங்கே செல்லாது.

அப்புறம், இந்தப் பட்டியல்களைத் தயாரிக்கும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தலையை மட்டும் எண்ணுவதில்லை. வளர்ந்த விலங்குகள் 2,500-க்குக் கீழே போய், இன்னும் குறைந்துகொண்டே வந்தால் 'அருகிவரும்' பட்டியலுக்கு அது ஒரு வழி. வாழும் பரப்பு மிகச் சிறியதாக, ஒரே இடத்தில் முடங்கி, அந்த இடமும் கெட்டுக்கொண்டிருந்தால் அது இன்னொரு வழி. தவளை மாட்டிக்கொண்டது இரண்டாவதில். கேரளாவிலுள்ள 2,695 மீட்டர் உயர ஆனைமுடிச் சிகரமும் அதை ஒட்டிய மேட்டுப் பகுதியும்தான் அதற்கு உலகம். வெயில் கூடினால் கீழேயுள்ள உயிர்கள் கொஞ்சம் மேலே ஏறிக்கொள்ளும். உச்சியில் இருப்பது எங்கே ஏறும்?

வரையாடு 2025 கூட்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303, கேரளாவில் 1,365, ஆக 2,668. இந்த எண்ணில் குட்டிகளும் சேர்த்தி; மேலே சொன்ன 2,500 வளர்ந்தவற்றுக்கு மட்டும். நீலகிரியிலிருந்து தெற்கே கன்னியாகுமரி மலைகள் வரை சிதறிக் கிடக்கிறது. அதன் தொல்லை வேறு: இடையில் தேயிலையும் தைல மரமும் வந்துவிட்டதால் ஒரு மலைக் கூட்டம் அடுத்த மலைக் கூட்டத்தோடு கலப்பது கடினம். பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி என்பதால், இழந்ததை ஈடுகட்டவும் நாளாகும்.

வகுப்பில் இதைச் செய்து காட்டுங்கள். நீளமான தாளில் பத்து கொண்டைக்கடலையைத் தள்ளித் தள்ளி வையுங்கள், அது ஆடு. ஒரு ரூபாய் நாணய அளவு வட்டத்தில் ஒரு பிடி கடுகைக் குவியுங்கள்; அது தவளை. எண்ணினால் கடுகுதான் அதிகம். ஒரு டம்ளர் தண்ணீரைக் கடலைப் பக்கம் கவிழ்த்தால் ஒன்றிரண்டு போகும். கடுகின் மேல் கவிழ்த்தால்? பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

சார்ட்டில் ஆட்டின் படத்துக்குக் கீழே எண்ணிக்கையை எழுதலாம். தவளைக்குக் கீழே எண் வேண்டாம், வரைபடத்தில் ஒரு புள்ளி போதும். இரண்டுக்கும் ஆனைமுடி இருக்கும் எரவிகுளம் தேசியப் பூங்கா பொது என்பதையும் குறிப்பிடுங்கள். வரையாடு குட்டி ஈனும் பருவத்தில் பூங்காவைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவார்கள். சுற்றுலா திட்டம் இருந்தால் தேதியை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.